‘போல’ வந்தால் உவமை அணியா?

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் உவமை அணி, உருவக அணி, எடுத்துக்காட்டு உவமை அணி மூன்றையும் மாற்றி மாற்றி எழுதி மதிப்பெண்ணைக் கோட்டைவிடுகிறாள். ‘போல’ வந்தால் உவமை, வராவிட்டால் உருவகம் என்று டியூஷனில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அது சரியா?

பாதிதான் சரி. உங்கள் மகளின் குழப்பத்துக்கே அந்தக் குறுக்குவழிதான் காரணம்.

‘மழை வரும் போல இருக்கிறது’ என்பதிலும் ‘போல’ உண்டு. அங்கே எதையும் எதோடும் ஒப்பிடவில்லை. நன்னூல் என்னும் இலக்கண நூலோ போல, புரைய, ஒப்ப, மான, அன்ன என 12 உவம உருபுகளை, அதாவது ஒப்புமையைக் காட்டும் சொற்களைச் சொல்லி, ‘பிறவும்’ என்று வேறு சேர்த்துக்கொள்கிறது. ஆகவே சொல்லைத் தேட வேண்டாம். எதை எதோடு ஒப்பிடுகிறார்கள் என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

‘அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல’ குறளில், தோண்டுபவரைத் தாங்கும் நிலம் ஒரு பக்கம், இகழ்பவரைப் பொறுத்துக்கொள்வது மறுபக்கம். நடுவில் ‘போல’ நின்று இணைக்கிறது. இது உவமை. ‘அகர முதல எழுத்தெல்லாம்’ குறளில் எழுத்துக்கு அகரம் முதல், உலகுக்கு ஆதிபகவன் முதல் என இரண்டு செய்திகள் தனித்தனியே நிற்கின்றன. ‘அதுபோல’ என்பதை நாம்தான் இடையில் சேர்த்துப் படிக்கிறோம். இதுவே எடுத்துக்காட்டு உவமை. டியூஷன் விதிப்படி பார்த்தால் இதை உருவகம் என்றல்லவா எழுத வேண்டிவரும்!

உருவகத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். ‘மலர்முகம்’ மலர் போன்ற முகம், அது உவமை. ‘முகமலர்’ முகமாகிய மலர். ‘ஆகிய’ போட்டுப் பொருந்தினால் உருவகம்.

ஒரே ஒரு நுணுக்கத்தை மட்டும் நிதானமாகச் சொல்லிக்கொடுங்கள். ‘பிறவிப் பெருங்கடல் நீந்துவர் நீந்தார் இறைவன் அடிசேரா தார்.’ பிறவி கடலாகிவிட்டது. கடலைக் கடக்கத் தெப்பம் வேண்டும். ஆனால் இறைவன் அடியைத் தெப்பம் என்று வள்ளுவர் சொல்லவில்லை. தொடர்புடைய இரண்டில் ஒன்றை உருவகமாக்கி மற்றதை அப்படியே விட்டதால் இது ஏகதேச உருவக அணி. விடையில் இரண்டையும் எழுத வேண்டும்: பிறவி கடலாக உருவகிக்கப்பட்டது, இறைவன் அடி தெப்பமாக உருவகிக்கப்படவில்லை. முதல் வரியோடு நிறுத்தினால் சாதாரண உருவகத்துக்கும் இதற்கும் வேறுபாடே தெரியாது.

எந்தக் குறளுக்கு எந்த அணி என்று பட்டியல் போட்டு விற்கும் கைடுகளைத் தயவுசெய்து வாங்காதீர்கள். ஒரே குறளுக்கு இரண்டு பக்கங்களில் இரண்டு அணி போட்டிருந்த கைடை நானே பார்த்திருக்கிறேன். ‘கட்டாயம் வரும் வினாக்கள்’ என்று பணம் வாங்கிக்கொண்டு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் அதைவிட மோசம். பாடநூலில் இருக்கும் வினாக்களைத்தான் வரிசை மாற்றித் தருகிறார்கள். இலக்கணத்தை ஒப்பித்தால் முழு மதிப்பெண், சொந்தமாக ஓர் உவமை எழுதினால் ஒன்றுமில்லை என்று தேர்வை வைத்திருக்கும்வரை இந்த வியாபாரம் ஓடத்தான் செய்யும். இதில் பிள்ளையைத் திட்டி என்ன பயன்?

பாடத்தில் இல்லாத பத்துக் குறள்களைக் கொடுங்கள். அணியே இல்லாத இரண்டும் அதில் இருக்கட்டும். எது, எதோடு, இணைக்கும் சொல் உண்டா என்று மட்டும் மகள் முதலில் எழுதட்டும். அணியின் பெயரை அதற்குப் பிறகு போட்டால் போதும்.