பாகும் ஜன்னல் கண்ணாடியும்

அன்புள்ள ஆச்சி,

காரைக்குடியில் எங்கள் பழைய வீட்டு ஜன்னல் கண்ணாடி அடிப்பக்கம் தடித்திருக்கிறது. கண்ணாடி மிக மெதுவாக வழியும் திரவம் என்று வாட்ஸப்பில் வந்தது. உண்மையா? ஏழாவது படிக்கும் மகனுக்குத் திட, திரவ, வாயு நிலைகளைத் துகள்களின் அசைவை வைத்து எப்படிச் சொல்லித்தருவது? நான்காம் நிலை என்கிற பிளாஸ்மாவையும் சேர்க்கலாமா?

மு.

அன்புள்ள மு.,

வழியவில்லை. அந்தக் காலத்தில் கண்ணாடியை ஊதித்தான் விரித்தார்கள். தகடு சமமாக வராது. தடித்த ஓரத்தைக் கீழே வைத்துச் சட்டம் அடித்தவர்களும் உண்டு. ரோமானியர் காலத்துக் கண்ணாடிக் குவளைகள் ஏறத்தாழ 2000 ஆண்டாக வடிவம் குலையாமல் இருக்கின்றன. உங்கள் ஜன்னல் மட்டும் 100 வருஷத்தில் வழிந்துவிடுமா? நம்பும் முன் மற்ற ஜன்னல்களையும் தடவிப் பார்த்திருக்கலாம். பிளாஸ்மாவை விடுங்கள், பிள்ளை பாவம்.

போன வாரம்தான் மனகோலம் கிளறினேன், வெல்லப்பாகில் பிரட்டும் எங்கள் பக்கத்துப் பலகாரம். அதே நினைப்பில் இருந்தபோது உங்கள் கடிதம் வந்தது.

அப்பத்தா வீட்டின் இரண்டாங்கட்டில் வெல்லப்பாகு காய்ச்சும்போது பக்கத்தில் கிண்ணத்துத் தண்ணீரோடு நான் உட்கார்ந்திருப்பேன். ஒரு சொட்டு விடுவார்கள். முதலில் கரைந்து ஓடும். அப்புறம் விரலில் மெத்தென்று உருளும். கடைசியில் தட்டில் போட்டால் ‘டங்’ என்று விழும். “இறக்குடி!”

அந்தச் சட்டிக்குள் உங்கள் மகனின் பாடம் முழுக்க இருக்கிறது. குமிழி வெடிக்கும்போதெல்லாம் தண்ணீர்த் துகள்கள் பிடியை உதறிவிட்டுப் பறக்கின்றன, அது வாயு. வெல்லத்தின் சர்க்கரைத் துகள்கள் நெருக்கியடித்துக்கொண்டே ஒன்றையொன்று நழுவிக் கடக்கின்றன, அது திரவம். சொட்டு பச்சைத் தண்ணீரில் விழுந்ததும் ஓட்டம் அடங்கிவிடுகிறது. வரிசையில் நிற்க அவகாசமில்லாமல், திருவிழாக் கூட்டம் போல நின்ற இடத்திலேயே சிக்கிக்கொள்கின்றன. ஜன்னல் கண்ணாடியும் இதே ஜாதிதான்: உள்ளே திரவத்தின் ஒழுங்கின்மை, ஆனால் யாரும் இடம் பெயர முடியாது. சர்க்கரைக் கரைசலில் நூலைத் தொங்கவிட்டு நாள்கணக்கில் காத்திருந்தால், அதே துகள்கள் வரிசைகட்டிக் கற்கண்டாகும்.

இன்னொன்று. இறுகிய பிறகும் அவை சும்மா இருப்பதில்லை, இருந்த இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருக்கின்றன. திடப்பொருள் என்றால் சிப்பாய் போல விறைத்து நிற்கும் புள்ளிகளை வரைகிறார்களே, அந்தப் படத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சூடு என்பதே அந்த நடுக்கம்தான்! அதை விட்டுவிட்டு ‘துகள்களின் இடைவெளி குறைவு’ என்று மனப்பாடம் செய்ய வைத்தால் பிள்ளைக்கு என்ன விளங்கும்? நீங்களும் அதைத்தான் ஒப்பிக்கச் சொல்கிறீர்கள் போல.

பையனை அடுப்படியில் உட்கார வையுங்கள், ஆனால் சட்டியிலிருந்து எட்டி. தண்ணீர் 100 டிகிரியில் நின்றுவிடும்; பாகு சுண்டச் சுண்ட அதற்கு மேலும் ஏறும். என் இடது கட்டைவிரலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

அன்புடன்,
ஆச்சி