டிஸ்னி வேர்ல்டில் எத்தனை நாள் தங்கலாம்?

டாலஸில் வசிக்கும் வாசகி ஒருவரின் கேள்வி: "மார்ச் மாதப் பள்ளி விடுமுறையில் ஃபுளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குப் போகத் திட்டமிட்டிருக்கிறோம். மகனுக்கு 9 வயது, மகளுக்கு 4 வயது. பிப்ரவரியில் தஞ்சாவூரிலிருந்து வரும் மாமனார், மாமியாரையும் அழைத்துச் செல்கிறோம். மூன்று நாளே போதும் என்கிறார் என் கணவர். அவ்வளவு செலவு செய்து போய்விட்டு அரைகுறையாகத் திரும்ப எனக்கு மனமில்லை; ஏழு நாளும் பார்க்கில் இருக்கலாம் என்று நினைக்கிறேன். எது சரி?"

உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்வது ஆறு இரவுத் தங்கல். அதில் நான்கு நாள் பார்க், நடுவில் ஒரு நாள் முழு ஓய்வு. போய்ச் சேரும் நாளையும் திரும்பும் நாளையும் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். மாமனாருக்கும் மாமியாருக்கும் மூன்று நாள் டிக்கெட் எடுத்தால் போதும்.

ஆர்லாண்டோவை ஒட்டி 100 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்து கிடக்கும் அந்த வளாகத்தில் நான்கு தனித்தனிப் பார்க்குகள் இருக்கின்றன: 1971இல் திறக்கப்பட்ட மேஜிக் கிங்டம், 1982இல் வந்த எப்காட், 1989இல் வந்த ஹாலிவுட் ஸ்டூடியோஸ், 1998இல் வந்த அனிமல் கிங்டம். நான்கு பார்க் இருப்பதால் நான்கு நாள் என்று நான் சொல்லவில்லை. நாளின் நீளத்தைத் தீர்மானிப்பவர்கள் உங்கள் குடும்பத்தில் மெதுவாக நடப்பவர்களும் சீக்கிரம் களைத்துப்போகிறவர்களும்தான். மேஜிக் கிங்டத்துக்குக் காரில் போனால் வாசலில் இறங்க முடியாது. வண்டியை நிறுத்திவிட்டு, பாதுகாப்புச் சோதனையையும் முடித்து, ஏரிக்கு அக்கரையில் இருக்கும் பார்க்குக்கு மோனோரயிலிலோ படகிலோ போக வேண்டும். இதற்கு மட்டும் முக்கால் மணி நேரம் ஒதுக்கிவையுங்கள். உள்ளே போன பிறகு ஒரு நாளில் பத்து கிலோமீட்டர் நடப்பது சாதாரணம். காலை எட்டு மணிக்குத் துள்ளிக்கொண்டு வரும் நான்கு வயதுக் குழந்தை மதியம் இரண்டு மணிக்குத் தள்ளுவண்டியிலேயே தூங்கிவிடும், பெரியவர்களுக்கும் அந்த நேரத்தில் கால் கடுக்கத் தொடங்கிவிடும். ஏழு நாள் தொடர்ந்து இப்படிப் போனால், ஐந்தாம் நாள் காலையில் யாருக்கும் எழுந்திருக்க மனம் வராது என்பதை நீங்கள் முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

கணவர் சொல்லும் மூன்று நாள், கூட்டம் குறைந்த பருவத்தில் ஓரளவு நடக்கக்கூடியது. ஆனால் மார்ச்சில் நாட்டின் பல பகுதிகளிலும் பள்ளி விடுமுறை அடுத்தடுத்து வருவதால் வரிசைகள் நீளமாக இருக்கும். இறங்கிய நாளையும் பார்க் நாளாகக் கணக்கிட்டிருந்தால் அவருடைய திட்டம் நிச்சயம் சரிவராது. விமானம், பெட்டி, வாடகைக் கார், ஹோட்டல் அறை என்று முடித்து நீங்கள் உள்ளே நுழையும்போது பாதி நாள் போயிருக்கும், ஆனால் டிக்கெட்டுக்கு முழு நாள் விலை கொடுத்திருப்பீர்கள்.

நாள் கூடக் கூட ஒரு நாளுக்கான டிக்கெட் விலை குறைந்துகொண்டே வரும். இந்த விலைப்பட்டியலைப் பார்த்துத்தான் பலரும் ஏழு நாள், எட்டு நாள் என்று எடுத்துவிடுகிறார்கள். டிக்கெட்டில் கூடுதல் நாள் மலிவாகத் தெரிந்தாலும், அதற்கான ஹோட்டல் இரவும் ஆறு பேருக்கான மூன்று வேளைச் சாப்பாடும் மலிவல்ல. கூடுதல் நாளின் விலையை இவற்றையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்த பிறகே முடிவெடுங்கள். நான்கு நாள் டிக்கெட்டைத் தொடர்ச்சியாகப் பயன்படுத்த வேண்டிய கட்டாயம் இல்லை. தொடங்கும் தேதியிலிருந்து ஏழு நாள்களுக்குள் விருப்பமான நான்கு நாள்களில் போகலாம். ஆகவே நடுவில் விடும் ஓய்வு நாளால் டிக்கெட்டில் ஒரு காசும் வீணாகாது.

போய்ச் சேர்ந்த மறுநாள் மேஜிக் கிங்டம். அதற்கு அடுத்த நாள் அனிமல் கிங்டம்; திறந்தவுடன் நேராகக் கிளிமஞ்சாரோ சஃபாரிக்குப் போங்கள், விலங்குகள் காலையில்தான் சுறுசுறுப்பாக நடமாடும். இந்தப் பார்க் மற்றவற்றைவிடச் சீக்கிரம் மூடப்படுவதால் மாலையில் தானாகவே ஓய்வு கிடைத்துவிடும். நான்காம் நாள் நீச்சல் குளமும் தூக்கமும் மட்டும். வெளியே போயே ஆக வேண்டும் என்றால், அனிமல் கிங்டம் லாட்ஜ் ஹோட்டலில் இருக்கும் சனா என்ற உணவகத்தில் மதியச் சாப்பாட்டுக்கு முன்பதிவு செய்யுங்கள். பார்க் டிக்கெட் தேவையில்லை. 'நான்' (naan) போன்ற ரொட்டிகளும் தொட்டுக்கொள்ள விதவிதமான சட்னிகளும் கிடைக்கும், சன்னலுக்கு வெளியே வரிக்குதிரையும் ஒட்டகச்சிவிங்கியும் மேய்ந்துகொண்டிருக்கும். மூன்று நாளாகப் பீட்சாவையும் பொரித்த உருளைக்கிழங்கையும் பார்த்துச் சலித்துப்போன உங்கள் மாமியாருக்கு இது பெரிய ஆறுதலாக இருக்கும்.

ஐந்தாம் நாள் ஹாலிவுட் ஸ்டூடியோஸ். அன்று பெரியவர்கள் ஹோட்டலிலேயே இருக்கட்டும். அங்கு இருப்பவற்றில் முக்கியமானவை வேகமான ரைடுகளும் ஸ்டார் வார்ஸ் பகுதியும்தான். உங்கள் மகன் அதற்காகவே காத்திருப்பான், தாத்தா பாட்டிக்கு அங்கே அதிக வேலையில்லை. குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரே எண்ணிக்கையில் டிக்கெட் எடுக்க வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. ஆறாம் நாள் எப்காட். ஏரியைச் சுற்றிப் பதினொரு நாடுகளின் அரங்குகள் வரிசையாக அமைந்திருக்கும் பகுதி உங்கள் மாமனாருக்கு மிகவும் பிடிக்கும் என்று எண்ணுகிறேன். சுற்றுப்பாதை ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் என்பதால், வாசலிலேயே வாடகைக்குக் கிடைக்கும் சக்கர நாற்காலியைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

புறப்படுவதற்கு முன் மகளின் உயரத்தை வீட்டிலேயே அளந்துவிடுங்கள். சில ரைடுகளில் ஏறக் குறைந்தபட்ச உயரம் தேவை: செவன் ட்வார்ஃப்ஸ் மைன் டிரெயினுக்கு 97 சென்டிமீட்டரும், ரைஸ் ஆஃப் த ரெசிஸ்டன்ஸுக்கு 102 சென்டிமீட்டரும், ஸ்பேஸ் மவுண்டனுக்கு 112 சென்டிமீட்டரும், டிரானுக்கு 122 சென்டிமீட்டரும் வேண்டும். அவள் ஏற முடியாத ரைடுகளுக்கு ரைடர் ஸ்விட்ச் வசதியைக் கேளுங்கள். நீங்களும் கணவரும் ஒருவர் மாற்றி ஒருவர் மகளுடன் நின்றுகொள்ளலாம், இரண்டாவதாக ஏறுபவர் மறுபடியும் முழு வரிசையில் காத்திருக்க வேண்டியதில்லை.

கூட்டத்துக்குப் பயந்து ஐந்தாவது பார்க் நாளைச் சேர்க்க நினைத்தால், அந்தப் பணத்தில் மேஜிக் கிங்டத்துக்கும் ஹாலிவுட் ஸ்டூடியோஸுக்கும் மட்டும் லைட்னிங் லேன் (தனிக் கட்டணத்தில் விரைவு வரிசையில் போகும் வசதி) வாங்குவது நல்லது. டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்கள் அதை ஏழு நாள் முன்பாகவும் மற்றவர்கள் மூன்று நாள் முன்பாகவும் பதிவு செய்யலாம். டிஸ்னி ஹோட்டலில் தங்கினால் தினமும் அரை மணி நேரம் முன்னதாக உள்ளே போகலாம் என்பதும், மதியம் அறைக்கு வந்து குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு வாணவேடிக்கைக்குத் திரும்பிப் போவது எளிது என்பதும் கூடுதல் லாபம்.

ஆர்லாண்டோவிலேயே இருக்கும் வேறொரு நிறுவனமான யுனிவர்சலின் பார்க்குகளை இந்தப் பயணத்தில் சேர்க்காதீர்கள். 2025 மே மாதம் திறந்த அவர்களுடைய எபிக் யுனிவர்ஸ் பார்க் உங்கள் மகனை ஈர்க்கலாம், ஆனால் அதற்குத் தனி டிக்கெட், தனி நாள். மகள் இன்னும் வளர்ந்த பிறகு இருவரையும் சேர்த்து அழைத்துப் போகலாம்.

விடுமுறை நெருக்கத்தால் மூன்று பார்க் நாளுக்கு மேல் இயலவே இயலாது என்றால், நான்கு பார்க்கையும் அதற்குள் திணிக்காமல் ஹாலிவுட் ஸ்டூடியோஸை விட்டுவிட்டு ஐந்து இரவு தங்குங்கள். எப்படி முடிவெடுத்தாலும் மகனின் பிறந்தநாளை ஒருமுறை பாருங்கள். குழந்தை டிக்கெட் 3 முதல் 9 வயது வரைதான். பயணத் தேதியில் அவனுக்கு 10 வயது நிறைந்திருந்தால் பெரியவர்களுக்கான டிக்கெட்தான் எடுக்க வேண்டியிருக்கும்.