உள்தாழ்ப்பாள் போட்ட கதவுக்கு வெளியே

கேள்வி: ஐயா, குடியாத்தத்தில் ஒரே சுவரை ஒட்டிய வாடகை வீடுகளில் குடியிருக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர் குடித்துவிட்டு வந்தால் மனைவியையும் ஐந்து வயது மகனையும் உள்ளே வைத்துத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறார். போன வாரம், சிலிண்டரைத் திறந்துவிடுவேன் என்று கத்தினார். போலீசைக் கூப்பிட்டால் வெறி அதிகமாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: கூப்பிடுங்கள் அம்மா. எண் 112. ஆனால் ‘குடும்பச் சண்டை’ என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே, விடிந்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறவர்கள் எங்கள் காவல் துறையிலும் உண்டு. ‘ஒரு பெண்ணையும் குழந்தையையும் அடைத்து வைத்து, சிலிண்டரைத் திறப்பதாக மிரட்டுகிறார்’ என்று சொல்லுங்கள். பின்வாசல் இருக்கிறதா, அடுப்பு எந்தப் பக்கம், கையில் கத்தி இருக்கிறதா என்பதையும் சேர்த்துச் சொன்னால், வருகிறவர்கள் அதற்கேற்பத் தயாராக வருவார்கள். நல்லெண்ணத்தோடு தகவல் தருபவர் மீது வழக்கு வராது என்று 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமே சொல்கிறது.

உங்கள் பயம் நியாயமானதுதான். ஜீப் சைரனோடு வாசலில் வந்து நின்றால் ஆள் மிரளுவான். விவரம் தெரிந்த அதிகாரி வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வருவார். முதல் வேலை, கூட்டத்தை விலக்குவது. சிலிண்டர் என்றால் தீயணைப்புத் துறைக்கும் தகவல் போகும். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு படரும். அதனால் பக்கத்து வீட்டு அடுப்புகளை அணைக்கச் சொல்வார்கள். மின்சாரத்தை வெளியில், கம்பத்திலேயே துண்டிப்பார்கள். உள்ளே சுவிட்சைத் தட்டும்போது வரும் சிறு பொறியே தீப்பிடிக்கப் போதும்.

அதன்பின் ஒருவர் மட்டும் பேசுவார். உங்களுக்கு அது வீண்பேச்சாகத் தோன்றும்: சாப்பிட்டாயா, தண்ணீர் வேண்டுமா. நேரம் போகப் போகப் போதை இறங்கும், கை தளரும். அதற்காகத்தான் அந்தப் பேச்சு. உள்ளே அடி விழுகிறது, உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் கதவை உடைப்பார்கள்.

நான் உதவி ஆய்வாளராக இருந்தபோது காட்பாடிப் பக்கம் இப்படி ஓர் இரவு. ஒரு மணி நேரம் பேசி, உள்ளே இருந்தவன் குரல் தணிந்திருந்தது. அப்போது மைத்துனர் ஓடிவந்து, “ஆண்பிள்ளையாக இருந்தால் கொளுத்திப் பாருடா” என்று கத்தினார். முதலிலிருந்து தொடங்கினோம். ஒருவழியாகத் தண்ணீர் கேட்டான். சொம்பை வாங்க ஒரு சாண் அளவுக்குக் கதவு திறந்தது. முதலில் வெளியே வந்தது ஒரு சின்னக் கை. அந்தப் பெண்பிள்ளையைப் பிடித்து இழுத்த காவலருக்கு அதன்பின் வெகுநேரம் பேச்சு வரவில்லை. இதனால்தான் சொல்கிறேன், மாமியாரையோ மச்சானையோ சமாதானம் பேச அழைத்து வராதீர்கள்.

உங்கள் பக்கத்து வீட்டுக்காரரைப் போலீஸ் அழைத்துப்போன மறுநாள்தான் எனக்குக் கவலை. தடுப்புக் கைது என்றால் 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க முடியாது. அவர் திரும்பி வருவதற்குள் அந்தப் பெண் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுக்க வேண்டும். கணவர் செய்யும் கொடுமைக்கு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவு, அடைத்து வைத்ததற்கு 127. ‘பேசி அனுப்புகிறோம்’ என்றால் ரசீதோ முதல் தகவல் அறிக்கையின் நகலோ கேட்டு வாங்காமல் எழுந்து வரக் கூடாது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலர் மூலம் மாஜிஸ்திரேட்டிடம் பாதுகாப்பு உத்தரவும் கேட்கலாம். வாடகைச் சீட்டு யார் பெயரில் இருந்தாலும், குடியிருக்கும் வீட்டிலிருந்து அந்தப் பெண்ணைச் சட்டப்படி அல்லாமல் வெளியேற்ற முடியாது. பாதுகாப்பு உத்தரவைக் கணவர் மீறினால் ஓராண்டு வரை சிறை.

இன்று அந்த மனிதர் வேலைக்குப் போன பிறகு அந்தப் பெண்ணிடம் பேசுங்கள். பின்கதவுச் சாவி ஒன்று உங்கள் வீட்டில் இருக்கட்டும். குரல் உயர்ந்தால் உங்கள் வீட்டுக்கு ஓடிவரப் பையனைப் பழக்குங்கள். பெண்கள் உதவி எண் 181ஐக் காகிதத்தில் எழுதிக் கொடுக்காதீர்கள், மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். காகிதம் அவர் கையில் கிடைத்தால் அதற்கும் ஒரு சண்டை.