பேன்ட் பையில் ஒரு பேனாக்கத்தி: வாசகர் கேள்விகள்

போன இதழில் ரயிலில் மாம்பழம் சாப்பிட்ட கதையை எழுதும்போது, "பையிலிருந்த சின்னக் கத்தியை எடுத்தேன்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். மாம்பழத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. வந்த கடிதம் அத்தனையும் கத்தியைப் பற்றித்தான்.

கத்தியைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தால் போலீஸ் பிடிக்காதா சார்? (திருச்சி வாசகர்)

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வரும் விதிகள், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளைத்தான் ஆயுதப் பட்டியலில் சேர்க்கின்றன. அதிலும் வீட்டு வேலை, விவசாயம், தொழில் போன்றவற்றுக்கென்று செய்தவைக்கு விலக்கு உண்டு. என் கத்தியின் அலகு இரண்டரை அங்குலம், அகலம் கட்டைவிரல் அளவுகூடத் தேறாது. ஆனால் சட்டம் வேறு, ராத்திரி பதினொரு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் பையைத் திறக்கச் சொல்லும் ஏட்டையா வேறு. தேர்தல், ஊர்வலம், தடை உத்தரவு என்று ஊர் பதற்றமாக இருக்கும் நாட்களில் வீட்டு மேஜையிலேயே வைத்துவிடுங்கள். மற்ற நாளில் "இது எதுக்கு?" என்று கேட்டால், "பழம் நறுக்க" என்று நீங்கள் சொல்வதைக் கத்தியே ஒப்புக்கொள்கிற மாதிரி இருக்க வேண்டும். கறுப்புப் பெயின்ட், முதுகில் ரம்பப் பல், பொத்தானைத் தொட்டால் துள்ளித் திறக்கிற ஸ்பிரிங் என்று ஒன்றை வைத்துக்கொண்டு கொய்யாக்காய் கதை சொன்னால் யார் நம்புவார்?

"தற்காப்புக்கு" என்று எழுதிய இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், வேண்டாம். பூட்டில்லாத மடக்குக் கத்தியால் குத்தப் போனால் அது மடங்கி முதலில் நறுக்குவது உங்கள் விரலைத்தான்.

எந்தக் கத்தி வாங்கலாம்? கடைக்குப் போனால் இருபது சாமான் உள்ள கத்தியைக் காட்டுகிறார்கள். (ஈரோடு வாசகி)

அந்த இருபது சாமான் கத்தியை நானும் வாங்கினேன். அச்சு வெல்லம் மாதிரி கனம், பேன்ட் பை ஒரு பக்கமாக இறங்கிவிடும். ஆறு மாதத்தில் நான் திறந்தது பெரிய அலகு, கத்தரிக்கோல், டப்பா திறக்கிற கொக்கி, இந்த மூன்றைத்தான். மீனுக்குச் செதில் சீவுகிற ஒன்று அதில் இருந்தது, நான் சைவம்.

ஒரு வாரத்துக்கு எதையெல்லாம் வெட்டுகிறீர்கள் என்று பாருங்கள். பார்சல் டேப், அரிசி மூட்டையின் தையல் நூல், புதுச் சட்டையின் விலைச் சீட்டு, பால் பாக்கெட் முனை, ஒரு மாம்பழம். பழத்தை விட்டுவிட்டால், மடக்கினால் 58 மில்லிமீட்டர் நீளமுள்ள, விக்டோரினாக்ஸ் என்ற சுவிஸ் கம்பெனியின் கிளாசிக் மாடல் போதும், சாவிக்கொத்திலேயே தொங்கும். குட்டி அலகு, கத்தரிக்கோல், நகம் தேய்க்க அரம், முள் பிடுங்கி, பல்குத்தி, அவ்வளவுதான். பழமும் நறுக்க வேண்டும் என்றால் 91 மில்லிமீட்டர் அளவில் சாமான் குறைவாக உள்ள மாடல் ஒன்று.

உள்ளூர்க் கத்தி கேவலம் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் கடையிலேயே இரண்டு சோதனை செய்யுங்கள். முழுக்கத் திறந்து அலகைப் பக்கவாட்டில் மெதுவாக ஆட்டிப் பாருங்கள், கடகடவென்று ஆடினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் மடக்கிவிட்டு, பிடியின் ஓரமாக ஒரு கைக்குட்டையை இழுத்துப் பாருங்கள். துணி சிக்கினால் அலகின் நுனி முழுசாக உள்ளே போகவில்லை என்று அர்த்தம், அது நாளைக்கு உங்கள் தொடையைக் கீறும்.

சுவிஸ் ஆர்மி நைஃப் என்கிறார்களே, அதில் கார்க் திருகி எதற்கு? ராணுவத்தில் ஒயின் குடிப்பார்களா? (மதுரை வாசகர்)

நல்ல கேள்வி. சுவிஸ் படைவீரனுக்குக் கொடுத்த கத்தியில் கார்க் திருகி இருந்ததே கிடையாது. 1889இல் அவர்களுக்கு ஒரு புதுத் துப்பாக்கி வந்தது, அதைக் கழற்ற ஸ்குரூ டிரைவர் வேண்டும், தகர டப்பா உணவைத் திறக்கவும் ஒன்று வேண்டும். இரண்டும் சேர்ந்த மடக்குக் கத்தி தேவைப்பட்டபோது உள்நாட்டில் அத்தனை கத்தி செய்ய ஆளில்லை, முதல் சரக்கு ஜெர்மனியின் சோலிங்கனிலிருந்து வந்தது. சுவிட்சர்லாந்தில் இபாக் என்ற ஊரில் பட்டறை வைத்திருந்த கார்ல் எல்செனர் 1891இல் அந்த வேலையைத் தன் பக்கம் கொண்டுவந்தார். சோலிங்கன்காரர்கள் விலையைக் குறைக்க, மனிதர் கிட்டத்தட்ட திவாலாகிவிட்டார்.

அவரைத் தூக்கி நிறுத்தியது 1897இல் பதிவு செய்த "அதிகாரி கத்தி". இன்னும் மெலிசு, இரண்டாவதாக ஒரு சின்ன அலகு, கூடவே அந்தக் கார்க் திருகி. ராணுவம் இதை வாங்கித் தரவில்லை, அதிகாரிகள் சொந்தக் காசில் வாங்கினார்கள். ஆக ஒயின் அவர்கள் சொந்தச் செலவு. அம்மா விக்டோரியாவின் பெயரை எல்செனர் பிறகு கம்பெனிக்கு வைத்தார், துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் "இனாக்ஸ்" 1921இல் ஒட்டிக்கொண்டு விக்டோரினாக்ஸ் ஆனது. "அதிகாரி கத்தி" என்பதன் ஜெர்மன் பெயர் வாயில் நுழையாத அமெரிக்கச் சிப்பாய்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சூட்டியதுதான் நீங்கள் சொல்கிற பெயர்.

பிரான்சிலிருந்து மகன் ஒப்பினெல் கத்தி கொண்டுவந்தான். எலுமிச்சை நறுக்கியதும் கறுத்துவிட்டது. மழை நாளில் திறக்கவே வரவில்லை. போலியா? (புதுச்சேரி வாசகி)

அசலேதான் அம்மா, அதனால்தான் இந்த வம்பு. 1890இல் சவாய் மலைப் பகுதியில் ஜோசப் ஒப்பினெல் செய்த வடிவம், இன்றும் பெரிதாக மாறவில்லை. உங்களுடையது கார்பன் எஃகு, புளிப்புப் பட்டால் கறுக்கும். நம் வீட்டுப் பழைய அரிவாள்மனை கறுத்துக் கிடந்ததே, அதே கதை. கறுப்பு இருந்துவிட்டுப் போகட்டும், செம்பழுப்பாகத் துரு தெரிந்தால்தான் தேய்க்க வேண்டும். நறுக்கியதும் கழுவித் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவுங்கள்.

பிடி பீச் (beech) என்கிற ஐரோப்பிய மரம், ஈரத்தில் ஊதிக்கொண்டு அலகைக் கவ்விப் பிடித்துவிடும். நகத்தை உடைத்துக்கொள்ளாதீர்கள். பூட்டு வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பி, பிடியின் அடிக்குண்டை மேஜை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு தானாகக் கொஞ்சம் வெளியே எட்டிப்பார்க்கும். சவாய்க்காரர்கள் காலங்காலமாகச் செய்கிற வித்தை இது.

சாணைக்காரரிடம் கொடுக்கலாமா? (சேலம் வாசகர்)

வெட்டுக்கத்தியைக் கொடுங்கள், இதைக் கொடுக்காதீர்கள். சக்கரத்தில் பொறி பறக்கிற சூட்டில் மெல்லிய அலகின் பதம் இறங்கிவிடும், அப்புறம் எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. ஒரு பீங்கான் காபிக் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மினுமினுப்பு இல்லாத சொரசொர வளையம் இருக்கும், அதுவே போதும். அலகின் முதுகு கோப்பையிலிருந்து மூன்று ஒரு ரூபாய் நாணயம் அடுக்கிய உயரத்தில் இருக்கட்டும். பக்கத்துக்குப் பத்து இழுப்பு, லேசாக. செய்தித்தாளைத் தொங்கவிட்டு வெட்டிப் பாருங்கள், கிழிந்தால் இன்னும் பத்து.

லண்டனில் படிக்கிறேன். ஊரிலிருந்து மடக்குக் கத்தி கொண்டுவரலாமா? (வாசகர்)

அங்கே காரணம் சொல்லாமல் வெளியே வைத்திருக்க அனுமதி உள்ளது, மடங்குகிற, பூட்டில்லாத, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மேற்படாத கத்திக்கு மட்டும்தான். மேலே சொன்ன ஒப்பினெல் வளையத்தால் பூட்டிக்கொள்ளும் என்பதால் அந்தச் சலுகையில் வராது.

பேனாவுக்கும் கத்திக்கும் என்ன சம்பந்தம்? (பெயர் எழுதாத வாசகர்)

இறகுப் பேனாவின் முனையைச் சீவ வைத்திருந்த கத்தி, பேனா போனாலும் பெயர் நின்றுவிட்டது. நம்மிடமும் இருந்ததே, மடக்கெழுத்தாணி! ஒரே பிடியில் ஒரு பக்கம் எழுத்தாணி, மறுபக்கம் பனையோலையை வாருகிற கத்தி, இரண்டையும் மடக்கிக்கொள்ளலாம்.

விமானத்தில்? (கோவை வாசகர்)

செக்-இன் பெட்டியில் போடுங்கள், கைப்பையில் கூடாது. இதை நான் மனப்பாடமாகச் சொல்லக் காரணம், சாவிக்கொத்தில் தொங்கியதை மறந்துபோய் ஒருமுறை ஸ்கேனர் வரைக்கும் போய்விட்டேன். அந்த அம்மணி ஒரு பிளாஸ்டிக் தட்டைக் காட்டினார். ஏற்கெனவே நாலு கத்தி, இரண்டு கத்தரிக்கோல், யாரோ ஒரு பாட்டியின் பித்தளைப் பாக்குவெட்டி. அதன் பக்கத்திலேயே என்னுடையதையும் வைத்துவிட்டு வந்தேன்.