ஒகினாவாவில் கார் வாங்குகிறீர்களா? முதலில் கண்ணாடி ஸ்டிக்கரைப் படியுங்கள்

கேள்வி: அமெரிக்க விமானப்படையில் இருக்கிறேன். ஜப்பானின் ஒகினாவா தீவிலுள்ள கடேனா விமானப்படைத் தளத்துக்கு மூன்று ஆண்டு மாற்றல் வந்திருக்கிறது. இங்குள்ள என் காரைக் கொண்டுபோகலாமா? அங்கேயே பழைய கார் வாங்குவதென்றால் எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: காரை விட்டுவிட்டுப் போங்கள். ஜப்பானுக்குச் சொந்தக் காரை அரசுச் செலவில் அனுப்ப பொதுவாக அனுமதி கிடையாது. அதற்கு ஈடாக, ஒரு காரை அரசுச் செலவில் கிடங்கில் வைத்துப் பராமரிக்க ஏற்பாடு உண்டு. மாற்றல் உத்தரவு கைக்கு வந்ததுமே போக்குவரத்துப் பிரிவில் இதைக் கேளுங்கள். ஒகினாவாவும் 1978 ஜூலை 30 முதல் சாலையின் இடப்பக்கமாக ஓட்டும் ஊர். இடது ஸ்டியரிங் காரோடு அங்கே முந்திச் செல்வதே சிரமம்.

பழைய கார் பார்க்கப் போகும்போது பானெட்டைத் திறப்பதற்கு முன் முன்கண்ணாடியின் மேற்பகுதியில் ஒட்டியுள்ள சிறு ஸ்டிக்கரைப் படியுங்கள். காரின் கட்டாயத் தகுதிச் சோதனை எதுவரை செல்லும் என்று சொல்வது அதுதான். ஜப்பானியர் அதை 'ஷாகென்' என்பார்கள், தளத்தில் எல்லோரும் 'ஜேசிஐ' என்பார்கள். பெரிய எண் மாதம், சிறிய எண் ஆண்டு. ஆண்டு ரெய்வா கணக்கில், அதாவது இப்போதைய ஜப்பானியப் பேரரசரின் ஆட்சி ஆண்டுக் கணக்கில் இருக்கும். அதோடு 2018-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். பெரிதாக 11, சிறிதாக 9 என்றால் 2027 நவம்பர். உள்ளே உட்கார்ந்து பார்த்தால் ஸ்டிக்கரின் பின்புறத்தில் முழுத் தேதியும் தெரியும்.

பழைய காருக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இந்தச் சோதனை. அப்போது சோதனைக் கட்டணம், கட்டாயக் காப்பீடு, பழுது பார்க்கும் செலவு எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். தேதி தாண்டிவிட்டால் சாலையில் ஓட்டவே முடியாது. ஊர் திரும்புகிறவர் மிகக் குறைந்த விலை சொன்னால் ஸ்டிக்கரில் இரண்டு மாதம்தான் மிச்சமிருக்கும். விலையோடு அந்தச் செலவையும் சேர்த்துப் பார்த்தால், 18 மாதம் மிச்சமுள்ள சற்று விலை கூடிய காரே பெரும்பாலும் மலிவு.

அடுத்து, முட்டி போட்டுக் கீழே பாருங்கள். கடல் உப்புக்காற்று அந்தத் தீவின் கார்களை அடியிலிருந்துதான் தின்கிறது. கதவுக்குக் கீழுள்ள விளிம்பையும் சேஸியையும் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். கணீரென்று கேட்காமல் மொத்தென்று கேட்டால் உள்ளே துரு. அடிப்பாகம் மட்டும் புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்து மினுங்கினால் நான் அந்தக் காரை வாங்கச் சொல்லமாட்டேன். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி, முன்சக்கரத்துக்குப் பின்னால் ஆக்ஸிலை மூடியிருக்கும் ரப்பர் உறையைப் பாருங்கள். அது கிழிந்திருந்தால் ரிம்மின் உட்புறம் கிரீஸ் தெறித்திருக்கும். இந்த நிலையில் சோதனையில் தேறாது. டயர் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தாலும், ஆயில் ஒழுகினாலும், ஹெட்லைட் மங்கினாலும் அப்படியே. டைமிங் பெல்ட் உள்ள பழைய எஞ்சின் ஒரு லட்சம் கிலோமீட்டரை நெருங்கியிருந்தால், பெல்ட் மாற்றிய ரசீதைக் கேளுங்கள்.

தளத்தில் வகுப்பும் எழுத்துத் தேர்வும் முடித்து உரிமம் வாங்கிய பிறகு காரைத் தேடுங்கள். பெயர் மாற்றம் ஃபாஸ்டர் முகாமிலுள்ள கூட்டு வாகனப் பதிவு அலுவலகத்தில் நடக்கும். வெளியே வீடு எடுத்தால் கார் நிறுத்த இடம் இருப்பதற்கான சான்றும் தேவைப்படும். ஏப்ரல் 1 அன்று கார் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் அந்த ஆண்டின் சாலை வரி. மார்ச்சில் வாங்கினால் இதையும் பேசி முடியுங்கள்.

கட்டாயக் காப்பீடு பிறர் உடலுக்கு மட்டுமே: உயிரிழப்புக்கு 3 கோடி யென், காயத்துக்கு 12 லட்சம் யென் வரை. நீங்கள் இடித்த காருக்கோ சுவருக்கோ ஒரு யென்னும் வராது. ஆகவே தனியார் காப்பீட்டையும் எடுத்துவிட்டு ஓட்டுங்கள். சிறிய உரசலானாலும் 110-ஐ அழைத்துப் போலீஸ் வரும்வரை இருங்கள்; அவர்கள் பதிவு செய்யாத விபத்துக்குக் காப்பீடு வாங்குவது பெரும்பாடு.

முதல் வாரம் திருப்பும்போதெல்லாம் வைப்பர்தான் ஓடும். இண்டிகேட்டர் வலக்கைப் பக்கம். சிவப்பு விளக்கில் இடதுபுறம் திரும்பவும் கூடாது. மழை தொடங்கினால் வேகத்தை உடனே குறையுங்கள், அங்குள்ள தார்ச்சாலை ஈரத்தில் வழுக்கும். ஓட்டுநரின் இரத்தத்தில் மதுவின் வரம்பு 0.03 சதவீதம். குடித்தவர் ஓட்டும் காரில் தெரிந்தே ஏறியவருக்கும் தண்டனை உண்டு.

திரும்பி வரும்போது காரை அப்படியே நிறுத்திவிட்டு விமானம் ஏறாதீர்கள். இரண்டு மாதம் முன்பே விற்கத் தொடங்குங்கள். விலைபோகாவிட்டால் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்து, பதிவை ரத்து செய்த தாளைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.