பூட்டிய வீட்டுக்கு மூன்றாம் முறை

(சென்னையில் 26 ஆண்டுகள் மருத்துவ ஆய்வுகளில் களப்பணியாளராகவும் மேற்பார்வையாளராகவும் இருந்து ஓய்வு பெற்றவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: பொது சுகாதாரத்தில் முதுநிலை படிக்கிறேன். பெரும்பாக்கம் குடியிருப்பில் பிரஷர், சுகர் பற்றி வீடு வீடாகக் கணக்கெடுக்கிறேன். பட்டியலில் வந்த வீடுகளில் பாதி பூட்டியே கிடக்கின்றன. பதிலுக்குப் பக்கத்து வீட்டை எடுத்துக்கொள்ளலாமா?
– மாணவி, சைதாப்பேட்டை

எடுக்காதேம்மா. பூட்டிவிட்டுப் போனவர்தான் உனக்கு வேண்டிய ஆள்.

காலை பதினோரு மணிக்குக் கதவைத் திறப்பது யார்? பாட்டி, கைக்குழந்தைக்காரி, நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கும் பையன். கூவம், அடையாறு கரைகளிலிருந்து அங்கே கொண்டுபோய்க் குடிவைக்கப்பட்டவர்களில் பலருக்கு வேலை இன்னும் பழைய பக்கத்தில்தான். மயிலாப்பூரில் நாலு வீடு பாத்திரம் தேய்க்கிறவர் விடியும் முன்னே பஸ் பிடிக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு கொடுக்கும் நேரத்தில் அவர் யாரோ ஒருவர் சமையலறையில் நிற்கிறார். அவரை விட்டுவிட்டுப் பாட்டியை எழுதினால், ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கூடுதலாகவும், பிரஷர் இருப்பதே தெரியாதவர்கள் குறைவாகவும் கணக்கு வரும். அந்தக் கணக்கைப் பார்த்து, மாலை நேர கிளினிக் அங்கே தேவையில்லை என்று யாராவது முடிவு கட்டினால்?

நாங்கள் ஒரு வீட்டுக்கு மூன்று முறை போவோம். வேலைநாள் காலை ஒன்று, வேலைநாள் இரவு ஏழு மணிக்கு மேல் ஒன்று, ஞாயிறு ஒன்று. ஞாயிறு காலை வேண்டாம். துணி, கறிக்கடை, சர்ச் எல்லாம் அப்போதுதான். நாலு மணி வாக்கில் போ. வாசலில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பேன் பார்க்கும் நேரம், நீ கேட்பதற்கு நிதானமாகப் பதில் சொல்வார்கள். வெறும் வயிற்றில் ரத்தம் வேண்டுமென்றால் முந்தின இரவே சொல்லிவிட்டு விடியற்காலை நாலரைக்குப் போய் நில். அது முடியாதவர்களுக்கு மூன்று மாதச் சர்க்கரை காட்டும் ஹெச்பிஏ1சி டெஸ்ட் இருக்கிறது, அதற்கு வெறும் வயிறு தேவையில்லை. ஆய்வுத் திட்டத்தில் அதைச் சேர்க்க முடியுமா என்று கைடிடம் கேள்.

இன்னொன்று, லிஃப்ட் ஓடாத நாளில் மேல்மாடிகளை விட்டுவிடத் தோன்றும். ஆரம்ப காலத்தில் நான் விட்டிருக்கிறேன். மேல்மாடிகளில் ஆளே குடியில்லாதது போலப் படிவங்கள் போய்ச் சேர்ந்தன. மேற்பார்வையாளர் முழுக் கட்டடத்தையும் திரும்பச் செய்ய வைத்தார். அவர் செய்தது சரி.

இதே சென்னையில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆய்வைப் படித்துப் பார். நோயாளிகள் 193 பேர். ஒரு பாதியைக் காசநோய் ஆஸ்பத்திரியான சானடோரியத்தில் சேர்த்தார்கள். மறு பாதிக்கு, நெருக்கடியான அவர்கள் வீட்டிலேயே மருந்து. வீட்டு வைத்தியமும் ஏறக்குறைய அதே பலன் தந்தது. கூட இருந்தவர்களுக்கு அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் காசநோய்க்கு வைத்தியம் பார்க்கும் முறையையே மாற்றிய ஆய்வு அது. ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், குடும்பத்தாரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். எனக்கு இந்த வேலையில் பெருமை வந்ததே அதைப் படித்த பிறகுதான்.

கேள்வி: ஊசியில் போதைமருந்து போடுகிறவர்கள் பற்றிய ஆய்வில் என் மகன் வேலை பார்க்கிறான். வந்தவர் கையில் மூன்று கூப்பன் கொடுத்து, நண்பர்களை அழைத்து வந்தால் பணம் தருகிறார்களாம். சங்கிலித் திட்ட மோசடி மாதிரி இருக்கிறதே?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், பெரம்பூர்

ஐயா, உங்கள் சந்தேகம் நியாயமானது. ஆனால் இது முறையான வழி. 1997-ல் ஹெக்கத்தார்ன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் வகுத்தது. போலீசுக்குப் பயந்து ஒளிந்திருப்பவர்களுக்கு வாக்காளர் பட்டியல் மாதிரி ஒரு பட்டியல் கிடையாது. நண்பனுடைய பெயரைச் சொல் என்று கேட்பதும் தவறு. அதனால் கூப்பன். கொடுத்தவர் யார் பெயரையும் சொல்வதில்லை. வாங்கியவர் இஷ்டப்பட்டால் வருகிறார், இல்லையென்றால் கிழித்துப் போடுகிறார். மூன்றோடு நிறுத்துவது, நூறு பேரைத் தெரிந்த ஒரே ஆள் தன் கூட்டத்தையே கொண்டுவந்து நிரப்பாமல் இருக்க. உங்களுக்கு இப்படி எத்தனை பேரைத் தெரியும் என்றும் ஒவ்வொருவரிடமும் கேட்பார்கள். நிறையப் பேரைத் தெரிந்தவர் ஆய்வுக்குள் வர வாய்ப்பு அதிகம் என்பதால், கணக்கில் அவருக்கு எடை குறையும். 2005–07-ல் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் நடந்த பெரிய எச்.ஐ.வி. ஆய்விலும் இம்முறை பயன்பட்டது.

கோளாறு வரும் இடங்களும் உண்டு. கூப்பனை விற்பார்கள். அதே ஆள் வேறு சட்டை போட்டுக்கொண்டு மறுபடி வருவார். அதற்காகவே சில ஆய்வுகளில் மணிக்கட்டை அளந்து வைப்பார்கள், சிலவற்றில் கைரேகை. பணம் போக்குவரத்துக்கும் இழந்த கூலிக்கும் ஈடாக இருக்கலாம். அதற்காகவே ஒருவர் பொய் சொல்லி உள்ளே வரும் அளவுக்குப் போகக்கூடாது. எச்.ஐ.வி. சோதனைக்கு ஒப்புதலும் ரகசியமும் 2017 சட்டப்படி கட்டாயம். மகனிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: முதல் கூப்பன்களை யார் கையில் கொடுத்தார்கள்? எல்லாரும் ஒரே தெருக்காரர்கள், ஒரே வயசு ஆண்கள் என்றால் சங்கிலி அங்கேயே சுற்றும். பெண்கள் ஒருவர்கூட வரமாட்டார்கள்.

கேள்வி: எங்கள் கட்டட சைட்டில் ஒடிசா, பீகார் தொழிலாளர்களிடம் காசநோய் ஆய்வு செய்யக் கேட்கிறார்கள். நான் அனுமதி கொடுத்தால் போதுமா?
– சைட் இன்ஜினீயர், சிறுசேரி

கேட்டைத் திறந்துவிடும் அனுமதிதான் தம்பி உங்களுடையது. ஒப்புதல் ஒவ்வொருவரும் தானே தர வேண்டும், அவருடைய மொழியில் கேட்டு. அப்போது நீங்களும் மேஸ்திரியும் பக்கத்தில் நிற்காதீர்கள். யாருக்கு நோய் என்று உங்களிடம் சொல்ல மாட்டார்கள், நீங்களும் கேட்கக்கூடாது.

கேள்வி: வருஷா வருஷம் யாராவது வந்து ரத்தம் எடுக்கிறார்கள். நான் ஏன் கொடுக்க வேண்டும்?
– வீட்டுவேலை செய்பவர், கண்ணகி நகர்

உங்கள் ஊரிலேயே ஒரு அக்கா என்னிடம் இதைக் கேட்டார். “போன வாட்டி எடுத்த என் ரத்தம் எங்க? அத மொதல்ல சொல்லு, அப்பறம் ஊசியத் தொடு.” முன்பு வந்தது வேறொரு குழு. எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம், மனசு கேட்கவில்லை. அந்தக் குழுவைத் தேடிப் போனேன். ரிசல்ட்டுகள் ஒரு அட்டைப்பெட்டியில் அப்படியே கிடந்தன. அவர்கள் ஊழியர் ஒருவரை அழைத்துக்கொண்டு மூடிய உறைகளில் வீடு வீடாகக் கொடுத்தோம். அந்த அக்காவுக்குச் சர்க்கரை 340. பல மாதமாக அது அந்தப் பெட்டியில் இருந்திருக்கிறது. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே அம்மா, நீங்கள் கொடுத்தே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. வேண்டாம் என்றால் வேண்டாம்தான், பாதியிலும் நிறுத்தலாம். அதனால் ரேஷன், வீடு, ஆஸ்பத்திரி வைத்தியம் எதற்கும் குறை வராது. கொடுப்பது என்று முடிவு செய்தால் விவரத்தாளை முழுதாகப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். கைநாட்டு வைப்பவர் என்றால் அந்தக் குழுவைச் சேராத ஒரு சாட்சி கூட இருக்க வேண்டும். தாளில், ஆய்வு முறையாக நடக்கிறதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் போன் நம்பர் இருக்கும். இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள். ரிசல்ட் என்றைக்கு வரும், கொண்டுவருபவர் யார், சர்க்கரை கூடுதலாக இருந்தால் எந்த ஆஸ்பத்திரியில் யாரைப் பார்ப்பது என்பதை அவர்கள் கையாலேயே பின்பக்கத்தில் எழுதி வாங்கி, ரேஷன் கார்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.