வசனம் கேட்கவில்லை என்று 48,000 ரூபாய்க்கு சென்டர் ஸ்பீக்கர் வாங்கலாமா?

கேள்வி: மாதம் கைக்கு வரும் சம்பளம் 62,000 ரூபாய். வீட்டுக்கடன் தவணை 19,000. அவசரத்துக்கென்று ஒரு லட்சம் ரூபாய் எஃப்.டி. இருக்கிறது. ஹாலில் ஏ.வி. ரிசீவர் (ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி), முன்பக்கம் 28,000 ரூபாய்க்கு வாங்கிய புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஜோடி, பேஸுக்கு (அடித்தொனிக்கு) ஒரு சப்வூஃபர், பின்பக்கம் இரண்டு, திரைக்கு நேரே நடுவில் பழைய செட்டிலிருந்து எடுத்த சின்ன சென்டர் என்று 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) அமைத்திருக்கிறேன். சண்டைக் காட்சியில் வீடே அதிர்கிறது, பேசுவது மட்டும் புரிவதில்லை. கடையில் 48,000 ரூபாய் சென்டர் ஸ்பீக்கரை 12 மாத வட்டியில்லாத் தவணையில் எடுக்கச் சொல்கிறார்கள். தவணையில் எடுப்பதா, எஃப்.டி.யை உடைப்பதா?

பதில்: இரண்டும் வேண்டாம். 5.1 படங்களில் வசனத்தின் பெரும்பகுதி சென்டர் வழியாகத்தான் வருகிறது, அதனால் உங்கள் சந்தேகம் நியாயமானதே. ஆனால் குறை ஸ்பீக்கரில்தானா என்பதை ஒரு பைசா செலவில்லாமல் ஒரே மாலையில் கண்டுபிடித்துவிடலாம். அதைச் செய்யாமல் பணத்தை எடுக்காதீர்கள்.

முதலில் படம் ஓடும்போது ரிசீவரின் முகப்பில் என்ன எழுதி வருகிறது என்று பாருங்கள். டால்பி அல்லது டி.டி.எஸ். என்று வந்தால் சரி. பி.சி.எம். ஸ்டீரியோ என்று வந்தால் டி.வி. இரண்டே சேனலைத்தான் அனுப்புகிறது, சென்டருக்கென்று தனிப் பாதை வரவே இல்லை. டி.வி.யின் ஆடியோ அவுட்புட்டை பாஸ்-த்ரூ அல்லது பிட்ஸ்ட்ரீம் (ஒலியை மாற்றாமல் அப்படியே அனுப்புவது) என்று மாற்றுங்கள், ஓ.டி.டி. செயலியிலும் 5.1 ஆடியோவைத் தேர்ந்தெடுங்கள். நிறைய வீடுகளில் பிரச்னை இதோடு முடிந்துவிடும்.

அடுத்து, சென்டரின் சிவப்பு முனை ரிசீவரின் சிவப்பு முனைக்குத்தான் போகிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால் குரல் சத்தில்லாமல் வெறுமையாகக் கேட்கும். உங்களுடையது சின்ன சென்டர் என்பதால், மெனுவில் அது 'லார்ஜ்' என்று இருந்தால் 'ஸ்மால்' ஆக்கி, கிராஸ்ஓவரை (எந்த அளவுக்குக் கீழுள்ள பேஸ் சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லையை) 120 ஹெர்ட்ஸில் வையுங்கள். தாங்க முடியாத பேஸை அதன் தலையில் கட்டினால் குரல் கரகரக்கும். டி.வி. அலமாரிப் பொந்துக்குள் தள்ளி வைத்திருந்தால் விளிம்புவரை முன்னுக்கு இழுத்து, முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, காதைப் பார்க்கும்படி சாய்த்து வையுங்கள். கதவுக்குக் கொடுக்கும் ரப்பர் ஆப்பு போதும். பிறகு சென்டரின் அளவை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் ஏற்றுங்கள்.

இதற்கும் சரியாகவில்லை என்றால் தீர்ப்புச் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. ரிசீவர் மெனுவில் சென்டர் ஸ்பீக்கர் 'இல்லை' என்று போடுங்கள். வசனம் முன்பக்க ஜோடிக்குப் பிரிந்து போய், சோபாவின் நடுவில் உட்கார்ந்தால் திரையிலிருந்தே வருவதுபோல் கேட்கும். இப்போது பேச்சு பளிச்சென்று இருந்தால் குற்றவாளி பழைய சென்டர், வாங்குவதில் நியாயம் இருக்கிறது. இப்போதும் கொழகொழவென்றே இருந்தால் குறை அறையில். டைல்ஸ் தரை, வெற்றுச் சுவர், கான்கிரீட் கூரை மூன்றும் சேர்ந்து ஒலியைத் திருப்பித் திருப்பி எறிகின்றன. ஹால் நடுவில் ஒருமுறை கை தட்டுங்கள், 'ட்ரிங்' என்று வால் நீண்டால் அதுதான். அந்த அறையில் 48,000 ரூபாய் ஸ்பீக்கரும் தோற்கும். சோபாவுக்கு முன்னால் தடிமனான விரிப்பு, ஜன்னலுக்குக் கனமான திரை என்று முதலில் அங்கே செலவழியுங்கள். நடு இருக்கையில் ஓரிருவர் மட்டுமே பார்ப்பவர்கள் என்றால், சென்டர் இல்லாமலேயே விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

வாங்கத்தான் வேண்டும் என்று முடிவானால், உச்சவரம்பைக் கடைக்காரர் வைக்கக் கூடாது, உங்கள் முன்பக்க ஜோடி வைக்க வேண்டும். அதே கம்பெனியின் அதே சீரிஸில் வரும் சென்டரைத் தேடுங்கள். குரல் இடமிருந்து வலம் நகரும்போது அதன் தன்மை மாறக் கூடாது, அதற்குத்தான். அந்த சென்டரின் விலை பெரும்பாலும் ஜோடி விலையில் பாதிக்கும் முக்காலுக்கும் நடுவில் இருக்கும். உங்கள் கணக்கில் 14,000 முதல் 21,000 வரை. வேறு சீரிஸில் 48,000 கொடுத்தால் விலையும் கூடும், இரண்டு பக்கத்தோடும் ஒட்டாது.

நடுவில் ட்வீட்டர் (கீச்சொலிக்கான சின்ன வட்டு), இரண்டு பக்கமும் வூஃபர் (கனமான ஒலிக்கான பெரிய வட்டு) என்று படுத்திருக்கும் மாடல்களில் ஒரு சிக்கல் உண்டு. வூஃபர்களின் மையங்களுக்கிடையே 30 செ.மீ. இருந்தால், 17 டிகிரி ஓரத்தில் உட்காருபவருக்கு 2,000 ஹெர்ட்ஸ் அருகே இரண்டின் ஒலியும் ஒன்றையொன்று அழிக்கும். 30 டிகிரியில் அது 1,150 ஹெர்ட்ஸ் அருகே இறங்கிவிடும். பேச்சின் தெளிவு இருக்கும் இடத்திலேயே பள்ளம் விழுகிறது. பத்தடி தூரத்து மூன்று பேர் சோபாவின் ஓர இருக்கை ஏறக்குறைய 14 டிகிரிதான், சமாளிக்கலாம். பக்கவாட்டு நாற்காலியில் அப்பாவோ அம்மாவோ உட்காருவார்கள் என்றால், ட்வீட்டர் மேலேயும், நடுத்தர ஒலிக்கான மிட்ரேஞ்ச் அதன் கீழேயும் இருக்கும் மூன்று-வழி மாடல் நல்லது. கடையில் செய்தி வாசிப்பை ஓடவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு நடந்துகொண்டே கேளுங்கள். குரல் மங்கினால் வேண்டாம். ரிசீவரின் பின்பக்கத்தில் ஸ்பீக்கரின் மின்தடை 6 ஓம் முதல் என்று அச்சிட்டிருந்தால் 4 ஓம் ஸ்பீக்கர் பக்கமே போகாதீர்கள். வயர் 14 கேஜ் செம்பு போதும். நுனியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிகிறதா, அது செம்பு பூசிய அலுமினியம்.

இனி அந்தத் தவணை. வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. மாதம் 4,000 வீதம் 12 மாதம் கட்டுகிறீர்கள். கிரெடிட் கார்டில் எடுத்து, அந்த கார்டின் வட்டி ஆண்டுக்கு 15% என்றால், அதில் சுமார் 3,680 ரூபாய் வட்டி. கடை அதைத் தள்ளுபடியாகக் காட்டும், ஆனால் வட்டி மீதான 18% ஜி.எஸ்.டி., அதாவது சுமார் 660 ரூபாய், உங்கள் தலையில். பிராசஸிங் கட்டணம் 299 என்றால் வரியோடு 353. ரொக்கத்துக்கு 5% குறைத்திருப்பார்கள் என்றால் அந்த 2,400-ம் போச்சு. ஆக, 'வட்டியில்லா' கடனுக்கு ஏறக்குறைய 3,400 ரூபாய். அதோடு, சம்பளத்தில் 31% ஆக இருக்கும் உங்கள் கடன் தவணை 37% ஆகிவிடும்.

எஃப்.டி. உங்கள் வீட்டின் இரண்டு மாதச் செலவுக்கே சரியாக இருக்கும். அதைத் தொடாதீர்கள். அதே 4,000 ரூபாயை ஐந்து மாதம் தனியாக ஒதுக்கி வையுங்கள், 20,000 கையில் நிற்கும். அதுவரை சென்டரை 'இல்லை' என்றே வைத்துப் படம் பாருங்கள். ஐந்து மாதம் கழித்து ரொக்கம் என்று சொல்லி விலை பேசுங்கள். வீட்டில் பொருந்தாவிட்டால் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்கள் என்பதை பில்லிலேயே எழுதி வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுங்கள்.